அம்மா கையெழுத்திட்ட பதின்மூன்று தாள்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதே. உன் அறைத்தோழியிடமும் வேண்டாம், நீ வேலை செய்யும் செயற்கைப் பல் கட்டும் கூடத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு எதைச் சொன்னாலும் "அட!" என்கிறாளே அவளிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இங்கே எல்லோரும் சுகம், அதாவது இரவு பதினொன்றே கால் மணி வரைக்கும் சுகம், விடிந்த பிறகு என் சுகத்துக்கு நான் பொறுப்பல்ல. நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு படுக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். பார்த்தாயா, அச்சு அசலாக அம்மா மாதிரியே வருகிறது. பதினொரு வாரமாக இப்படி எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். "எனக்குக் கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள்" என்று உனக்கு வந்த பதினொரு கடிதங்களில் ஒரு வரிகூட அம்மா சொன்னது கிடையாது. எல்லாம் நானே எழுதியது. அடியில் இருந்த கையெழுத்து மட்டும்தான் அம்மாவுடையது.

கோபப்படுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. போன மழைக்காலத்தில் அம்மாவின் தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்களுக்கெல்லாம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பெரிதாக ஆசைப்படாமல் வாராவாரம் சின்னச் சின்ன இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும், முடித்தால் பச்சைப் புள்ளி, முடிக்காவிட்டால் சிவப்புப் புள்ளி என்று சொல்லிக்கொடுத்தார்களாம். மற்ற சூப்பர்வைசர்கள் அதைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். நம் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பெரிய அட்டை தொங்குகிறது. வீடு, கைவேலை, குடும்பம் என்று மூன்று பத்தி, ஆளுக்கு ஒரு வரிசை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். அப்பாகூட நின்றுகொண்டுதான் பேச வேண்டும். இரண்டு சிவப்புப் புள்ளி வாங்கினவருக்கு மறுபயிற்சி, அதாவது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அடிவாங்கினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

அப்பா நாள் முழுக்க லிஃப்ட்டுக்கு மேலே ஏறி நின்று பழுது பார்க்கிற மனிதர், அவருக்குக் கைவேலை இலக்காக நான்கு கைக்குட்டைக்கு ஓரம் தைக்கக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு தைத்ததில் மூன்றாவது கைக்குட்டையைத் தன் பைஜாமாவோடு சேர்த்துத் தைத்துவிட்டார். முழங்காலில் கைக்குட்டை ஆடிக்கொண்டிருக்கத்தான் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தார். அம்மா குனிந்து தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, "தையல் சுத்தமா இருக்கு" என்று பச்சைப் புள்ளி வைத்தாள். குடும்பப் பத்தியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரே இலக்கு, தினமும் பத்து நிமிடம் சண்டை போடாமல் பேச வேண்டும். அடுப்பங்கரைக் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டு எதிரெதிரே உட்காருவார்கள். ஏழாவது நிமிடத்தில் பேச்சு வற்றிப்போய்விடும், அப்பா பற்பசை டப்பாவின் முதுகில் இருப்பதை எடுத்து உரக்கப் படிப்பார், சித்தப்பா "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொள்வார். எனக்கு வாரம் பத்து அங்குலம் மஃப்ளர் பின்னுவது இலக்கு. எந்த இடத்தில் நிறுத்துவது என்று இலக்கில் எழுதவில்லை, கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது அடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிறுதோறும் அம்மா இன்ச் டேப்போடு வந்து புதிய பத்து அங்குலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறாள். மிச்சத்தைச் சுருட்டி ஒரு துணிப்பையில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் பதில் கடிதங்களும் அந்தப் பையில்தான் இருக்கின்றன.

சித்தப்பா கதைதான் மகா மோசம். வாரத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது மனசார மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்கு இலக்கு. பழைய தப்புகளெல்லாம் முதல் ஐந்து வாரத்திலேயே தீர்ந்துபோயின. இப்போது சிவப்புப் புள்ளிக்குப் பயந்து புதன்கிழமைக்குள் எப்படியாவது ஒரு தப்பு செய்துவிடுகிறார். ஒரு வாரம் என் இடதுகால் செருப்பைத் தான் வேலை செய்கிற டயர் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் அப்பாவின் சவரக் கத்தியால் பென்சில் சீவினார். சனிக்கிழமை ராத்திரி வந்து நின்று, தலையைக் குனிந்து, "தப்பு என்மேலதான், இத்தனை நாளா அதை ஒத்துக்க எனக்கு மனசு வரல, என்னை மன்னிச்சிடு, எல்லாத்தையும் மறந்துட்டு வா" என்று கண் கலங்கச் சொல்வார். அவர் "வா" என்றது அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டது. அந்தப் பென்சில் மன்னிப்பை ஞாபகம் வைத்துக்கொள் அக்கா, அதுதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டது.

அம்மாவுக்கும் இலக்கு உண்டு. வீட்டுப் பத்தியில் தினமும் பத்து நிமிடம் சும்மா உட்காருவது. நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள், அந்தப் பத்து நிமிடமும் வீட்டில் ஒருவரும் தும்ம மாட்டோம். மணி அடித்ததும் "ஆச்சு" என்று எழுந்து போய்விடுவாள். குடும்பப் பத்தியில், 'பெரியவளுக்குக் கடிதம், வாரம் ஒன்று' என்று அவளே தன் கையால் எழுதினாள். நான் நம்பவில்லை. நீ அவள் லைனில் காலர் தைக்க வந்து மூன்றாம் நாளே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இதுக்குப் பல்லு செய்யப் போகலாம் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. நான் கூப்பிடாமல் இந்த வாசலில் கால் வைக்காதே என்று அவள் சொன்னதும், தப்பு தன்மேல் என்று அம்மா ஒத்துக்கொள்ளாமல் வைக்க மாட்டேன் என்று நீ சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உன் பெயரை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு தொழிற்சாலையில் லீவுச் சீட்டுக்குச் செய்கிற மாதிரியே செய்துவிட்டாள். காலாண்டுக்குப் பதின்மூன்று வாரம் என்று கணக்குப் போட்டு, பதின்மூன்று வெற்றுத் தாளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் அடி ஓரத்தில் 'இப்படிக்கு, உன் அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். "மேலே நீ எதையாவது எழுதி அனுப்பிடு, லைன்ல இருக்கறவங்க தைச்சாலும் சூப்பர்வைசர் கணக்குலதானே ஏறும்" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் "எழுதிட்டியா?" என்பாள், "எழுதிட்டேன்" என்பேன், பச்சைப் புள்ளி. "பதில் வந்துச்சா?" என்பாள், "வந்துச்சும்மா" என்பேன், "உசுரோட இருக்காளா?" என்பாள், "இருக்கா" என்பேன். அவ்வளவுதான் விசாரணை.

அந்தக் கையெழுத்து தாளின் கடைசி ஓரத்தில் இருக்கிறதே, அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. மேலே பாதி எழுதிவிட்டு நடுவில் வெறுமையாக விட்டால் நீ சந்தேகப்படுவாய், ஆகவே அடி வரைக்கும் நிரப்பியாக வேண்டும். என் வயதுக்கு அம்மா போல எவ்வளவு எழுத முடியும்? குழாய் ஒழுகுவது, மாடி வீட்டுக்காரி மிக்சி போடுவது எல்லாம் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டன. இடத்தை அடைக்கத்தான் உனக்கும் இலக்கு வைக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் அறுந்த பொத்தான்களைத் தைத்துவிடு என்று எழுதினேன், நீ அப்படியே செய்து சாட்சிக்கு ஒரு பொத்தானைத் துணித் துண்டில் தைத்து அனுப்பினாய். ஒரு வாரம் காலையில் பட்டினியாக வேலைக்குப் போகாதே என்று எழுதினேன், ஏழு நாளும் என்ன சாப்பிட்டாய் என்று ஒழுங்காக எழுதி அனுப்பினாய். நான் சொல்லி இந்த வீட்டில் நாய்கூடக் கேட்காது, நீ கேட்டாய், எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒன்பதாவது கடிதத்தில் எவ்வளவு எழுத்தைப் பெரிதாக்கினாலும் கையெழுத்துக்கு மேலே நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பக்கத்து அறையில் சித்தப்பா அப்பாவிடம் பென்சிலுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதி இடத்தை நிரப்பிவிட்டேன். தப்பு என்மேல்தான், இத்தனை நாளாக அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, என்னை மன்னித்துவிடு, எல்லாவற்றையும் மறந்துவிட்டு வா. கையெழுத்துக்குச் சரியாக மேலே போய் முட்டியது. அளவாக வந்துவிட்டதே என்று அப்போது எனக்குச் சந்தோஷம்கூட.

அதற்கு இரண்டு வாரமாக உன்னிடமிருந்து பதிலே இல்லை. போன வியாழக்கிழமை வந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது அம்மா, கூடத்தில் அழுது ஒரு முழுப் பல்வரிசையைக் கோணலாகச் செய்துவிட்டேன், லீவு சொல்லிவிட்டேன், வருகிற சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எந்த வண்டி, எத்தனை மணி என்றுகூட எழுதவில்லை, அவ்வளவு அவசரம் உனக்கு. இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நீ பெட்டியோடு வந்து நிற்பாய், அம்மா கதவைத் திறப்பாள், நான்தான் கூப்பிடவே இல்லையே என்று அவள் முகத்தில் எழுதியிருக்கும், நீ அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாய். அப்படிப் போனால் பிறகு யார் கையெழுத்துப் போட்ட தாளாலும் உன்னைக் கூப்பிட முடியாது. பல் வலி என்றுகூட இந்தப் பக்கம் வர மாட்டாய். எனக்கு அந்தப் பயம்தான், அடிக்குப் பயமில்லை, அடிக்கும் கொஞ்சம் பயம்தான்.

இன்றைக்குக் கூட்டத்தில் அதற்கு மேலே ஒன்று நடந்தது. தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர், அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று லீவுச் சீட்டில் தனக்கு ஒரு மாதம் ஓய்வு என்று எழுதிக்கொண்டு போயே போய்விட்டாராம். மேனேஜர் நேற்று அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். அம்மா கூட்டத்துக்கு வந்ததும் வராததுமாக, "மிச்சம் ரெண்டு தாள் எங்கே, எடுத்துட்டு வா" என்றாள். கொடுத்தேன். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "மத்த பதினொண்ணுல என்னடி எழுதினே?" என்றாள். "சும்மா, சுகந்தான் விசாரிச்சேன்" என்றேன். "பதினொரு தாளுமா?" என்றாள். "ரொம்ப விசாரிச்சேன்மா" என்றேன். சித்தப்பா சிரித்துவிட்டு, உடனே இந்த வாரத்துக்கு ஆயிற்று என்று அதற்கே மன்னிப்புக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "காலைல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் தன் வரிசைக்கு வந்து, வீட்டுப் பத்தியை நிரப்பினாள், கைவேலையை நிரப்பினாள், குடும்பப் பத்திக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றும் எழுதாமல் மூடியைப் போட்டுவிட்டாள். அந்தக் கட்டம் காலியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

ஆகவே அக்கா, நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், பெரியவள் என்று பார்க்காமல் கேள். வராதே என்று எழுத முதலில் மூன்று தடவை முயற்சி செய்தேன், மூன்று தடவையும் தாளைக் கிழித்தேன். அதனால் வா. ஆனால் அந்த ஒன்பதாவது கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. லீவு கிடைத்தது, வந்தேன் என்று மட்டும் சொல். அம்மா முகத்தைப் பார்த்து ஒன்றையும் முடிவு செய்யாதே, அவள் நல்ல துணியையும் கிழிந்த துணியையும் ஒரே முகத்தோடுதான் பார்ப்பாள். ஒரு பத்து நிமிடம் வாசலிலேயே நில்லு, போதும், அதற்குள் நான் எப்படியாவது உன் பெட்டியை உள்ளே தூக்கி வைத்துவிடுவேன். அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது நிஜம். உன் பெயரை எழுதி அடித்து எழுதி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதும் நிஜம், அது நான் எழுதியதில்லை. சித்தப்பா காலையில் கடைக்குப் போகும்போது இதைத் தபால் பெட்டியில் போடுவதாக ஒத்துக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை, தப்பான காரியமா என்று மட்டும் கேட்டார், ஆமாம் என்றதும் சந்தோஷமாகத் தலையாட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ செய்கிற பல்லெல்லாம் எல்லார் வாயிலும் பொருந்தி உட்காரட்டும், வண்டியில் ஜன்னலோரம் கிடைக்கட்டும். மறக்காமல் கழுத்தை மூடிக்கொண்டு வா, காலையில் பட்டினியாகக் கிளம்பாதே. இப்படிக்கு, உன்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான், அவள்தான் மூன்று தட்டு சம இடைவெளியில் தட்டுவாள். உள்ளே வரவில்லை. "தூங்கற மாதிரி நடிக்காதே, சனிக்கிழமை அவ வண்டி எத்தனை மணிக்குன்னு எழுதிக் கேளு, யாராவது போய்க் கூட்டிட்டு வர வேண்டாமா?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்கிறாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன், உன் கடிதங்கள் இருந்த துணிப்பையின் வாய் அவிழ்ந்திருக்கிறது. அக்கா, நீ வருவதை நான் யாரிடமும் சொல்லவே