நிதியாண்டின் கடைசி வாரம்

மார்ச் 26, காலை 07.10
நிலாத் தென்முனை, இரண்டாம் ஆய்வு நிலையம். பதிவு செய்பவர் வடிவம்மாள். நிலையத்தில் நான் ஒருத்திதான்.
துளைக்கருவி சீராக ஓடுகிறது. இன்று எடுத்த உறைபனியில் பழங்கால வாயுக் குமிழிகள் தெளிவாகத் தெரிகின்றன. உருக்கிய நீர் தொட்டி நிறைய இருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் முதலாம் நிலையத்தில் ஆக்னஸ் பாசி வளர்க்கிறாள். அந்தப் பாசி விடும் காற்றுதான் அவளுக்கு மூச்சு. இருவரையும் இங்கே அனுப்பியது அரசின் ஒரே ஆராய்ச்சி நிதித் திட்டம். அடுத்த கட்டப் பணம் ஒருவருக்குத்தான். முடிவு இன்று.

மாலை 18.30
சென்னை நிதி அலுவலகத்திலிருந்து பீர் முகமது: "மேடம், கமிட்டி ஆக்னஸ் மேடம் ப்ராஜெக்ட எடுத்துக்கிட்டாங்க. நீங்க ரெண்டாவது. அரை மார்க்குல போச்சு. அடுத்த கப்பல்ல நீங்க கிளம்பணும்."
நன்றி என்று பதில் அனுப்பினேன். துளைக்கருவியை நிறுத்தினேன். வெளியே போகும் உடுப்பின் சிலிண்டர்களில் காற்று நிரப்பவில்லை. யாருக்காக நிரப்ப வேண்டும்?

மார்ச் 28, காலை 09.00
நானும் ஆக்னஸும் ஒரே பேராசிரியரிடம் படித்தோம். அவள் நேர்காணலில் ஒரு நகைச்சுவை சொல்வாள், குழுவே சிரிக்கும். நான் வரைபடம் காட்டுவேன், யாராவது கடிகாரம் பார்ப்பார்கள். அவள் பாசிக்குப் பெயர் வைக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தினார்கள். உறைபனிக்கு யார் பெயர் வைப்பார்கள்? பதிவேட்டில் இதெல்லாம் வரக்கூடாது. அழிக்கப் போவதில்லை.

மார்ச் 29, பகல் 13.15
ஆக்னஸ்: "ஏட்டி வடிவு, தண்ணி கெட்டுப்போச்சு. பாசி எல்லாம் வெளுத்துக்கிட்டே வருது. உன் தொட்டித் தண்ணி கொஞ்சம் குடுத்தா பொழச்சுக்கும். மெட்ராஸ்ல சொல்லிராத, என்னட்டி."
அவள் பாசி செத்தால், பணம் இரண்டாவதாக வந்த எனக்கு. இந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பசித்தது. மூன்று நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.
பிறகு பதில் அனுப்பினேன்: "துளைக்கருவி மோட்டார் எரிஞ்சுபோச்சு. தொட்டி காலி."

மார்ச் 30, காலை 08.05
ஆக்னஸ்: "தண்ணி இல்லாம நீ எப்படிட்டி இருப்ப? எங்கிட்ட ஒரு மோட்டார் சும்மாதான் கெடக்கு. எடுத்துட்டு வாரேன்."
வராதே என்று மூன்று முறை சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குள் கிளம்பிவிட்டாள். பாசி சாகும் நேரத்திலும் நல்லவளாக இருக்க அவளுக்கு எப்படித்தான் முடிகிறதோ. இந்தக் குணத்துக்குத்தான் அந்த அரை மார்க் போட்டிருப்பார்கள்.

பகல் 11.40
மேட்டின் மேல் அவள் வண்டி விளக்கு தெரிந்தது. சட்டென்று சாய்ந்தது. அதன்பின் அசையவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

12.05
என் திறந்த வண்டியில் போகிறேன். நிரம்பிய சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது. இனி குரல் பதிவு.

14.20
வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆண்டெனா முறிந்திருக்கிறது. ஆக்னஸ் மயக்கத்தில். உடுப்புச் சிலிண்டர் கசிந்து தீரப்போகிறது. மோட்டாரை மடியில் கட்டி வைத்திருந்தாள். அவளை என் வண்டியில் ஏற்றிவிட்டேன். என் சிலிண்டரிலிருந்து அவளுக்கும் ஒரு குழாய். முள் வேகமாக இறங்குகிறது. என் நிலையம் வரை இரண்டு பேருக்குப் போதாது.

15.10
பீர் முகமது: "மேடம், ஆக்னஸ் மேடம் வண்டி சிக்னல் நின்னுபோச்சு. கூப்பிட்டா பதில் இல்ல. மனசுக்குக் கஷ்டமாதான் இருக்கு. ஆனா நாளைக்கு மார்ச் முப்பத்தொண்ணு. பணத்த ஒதுக்கலேனா திரும்பிப் போயிடும். கமிட்டி உங்க பேருக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. சரின்னு ஒரு வார்த்தை அனுப்புங்க."
என் பேருக்கு. அவள் குழாயின் வால்வு என் கைப்பக்கம் இருக்கிறது. அவள் கண் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது.

15.25
நிறைய நேரம் வால்வையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த நேரத்துக்கும் காற்று செலவாகியிருக்கிறது.

15.30
அனுப்பிய செய்தி: "ஆக்னஸ் உயிரோட இருக்கா. பேரை மாத்தாதீங்க. மோட்டார் எரியல. தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, அவ பாசிக்குக் குடுங்க."
வண்டியைத் தானியங்கியில் விட்டிருக்கிறேன். நிலையக் கதவு வண்டியைக் கண்டால் தானே திறக்கும். என் குழாயை மூடிவிட்டேன். இனி எனக்கு உடுப்புக்குள் மிச்சம் இருக்கும் காற்றுதான்.

15.40
பெருந்தன்மை என்று எழுதிவிடாதீர்கள். இப்போதும் வயிறு எரிகிறது. அவள் மூச்சுச் சத்தம் ஒழுங்காக வருகிறது, அதுகூடப் பிடிக்கவில்லை.
இதைக் கேட்பவர் யாரானாலும் என் விண்ணப்பத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குமிழி வரைபடம் நாலாவது பக்கம். அவளுடையதைவிட நல்ல திட்டம். அரை மார்க் இல்லை, குறைந்தது ரெண்டு மார்க்காவது கூட