கடலுக்கடியில் மாடு மேய்ந்த தடம்

மதினி,

இன்று காலை பூண்டுக்குத் தெளிக்கலாம் என்று கடல்பாசி உரக் கேனைத் திறந்தேன். குப்பென்று மண்டபத்துக் கடல் வாடை. பள்ளங்கி மலைப் பனிக்குள் நின்று தனியாகச் சிரித்த என்னை உங்கள் மகன் ஒரு மாதிரி பார்த்தான். அத்தைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

நாம் மண்டபம் போன அந்த வருடம் நீங்கள் சிரிக்கிற நிலைமையில் இல்லை. ஓடையை ஒட்டிய கீழ்க்காட்டில் காட்டுமாடுகள் இறங்கி, பூண்டை மிதித்து, கேரட்டைத் தின்று தீர்த்திருந்தன. நிலத்தை விற்றுவிட்டு ஒட்டன்சத்திரத்து மண்டியில் வேலைக்குப் போய்விடலாம் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். உங்களுக்கோ மலையை விட்டு இறங்க மனமில்லை. பக்கத்துக் காட்டில் நீங்கள் இல்லாமல் எப்படிக் களை எடுப்பது என்று எனக்குக் கவலை. வாயாட ஆள் வேண்டாமா?

அந்த நேரத்தில்தான் ஊரார் பிடித்த ராமேஸ்வரம் வேனில் நாம் இருவரும் ஏறினோம். திரும்பும் வழியில் மண்டபத்தில், அடியில் கண்ணாடி பதித்த படகில் கூட்டிப்போனார்கள். பவளப்பாறைகளுக்குள் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. அசையாமல் கிடந்த கடல் அட்டையைக் காட்டி, சாப்பிட்டுப் படுத்த அண்ணனைப் போல இருக்கிறது என்று என் காதில் சொன்னீர்கள்.

பிறகு கண்ணாடிக்கு அடியில் பச்சைப்பசேலென்று கடற்புல் விரிந்தது. நம் பூண்டுக் காடே தண்ணீருக்குள் அசைவது போல இருந்தது. நீங்கள் சட்டென்று செருப்பைக் கழற்றினீர்கள். வெள்ளாமைக்குள் செருப்புக் காலோடு இறங்காத நம் வீட்டுப் பழக்கம்! நானும் கழற்றினேன். ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்து வேனில் வந்த அத்தனை பேரும் கழற்றிவிட்டார்கள்.

அந்தப் பச்சைக்கு நடுவே வெறும் மணலாக ஒரு தடம் வளைந்து வளைந்து போனது. உங்கள் முகம் மாறியது.

"ஏந் தம்பி, மாடு பூந்து மேஞ்சு கெடக்கு. வேலி கட்டாம என்ன சோலி பாக்குறீங்க?"

படகுக்காரர் சிரிக்கவில்லை. மேய்ந்தது கடல்பசு என்றார். இந்தப் புல்லைத் தின்றுதான் அது பிழைக்கிறது, அதற்காகவும்தான் இங்கே இழுவலை போடக் கூடாது, தீவில் கால் வைக்கக் கூடாது என்று காத்து வைத்திருக்கிறார்கள் என்றார். வந்தால் விரட்டவே மாட்டீர்களா என்று கேட்டீர்கள்.

"வரலைன்னாத்தாம்மா எங்களுக்குக் கவலை" என்றார்.

கடல்பசு நம் கண்ணில் படவில்லை. படகு திரும்பும்வரை நீங்கள் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வத்தலக்குண்டு வரைக்கும் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். நான் பயந்தே போனேன். மலை ஏறும்போது தூங்கிக்கொண்டிருந்த என்னை உலுக்கி எழுப்பினீர்கள்.

"கீழ்க்காட்ட அதுகளுக்கே விட்ருவோம்த்தா. மேக்காடு நமக்குப் போதும்."

அண்ணன் முணுமுணுத்தார். ஒரு போகம் மட்டும் பார்ப்போம் என்றார். உங்களிடம் அவர் எப்போது ஜெயித்திருக்கிறார்? கீழே புல் வளர விட்டோம், மேலே முள்வேலி போட்டோம். அதன் பிறகு மாடுகள் பெரும்பாலும் புல்லோடு நின்றுகொண்டன. எப்போதாவது ஒன்று மேலே ஏறி வந்தால், நீங்கள் திட்டிய திட்டை ஒரு வார்த்தை குறையாமல் திட்டுகிறேன். நீங்கள் போன துக்கம் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் உங்களை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

போன வாரம் சில நாட்களாக மாடுகள் வரவில்லை. நிலத்தை விற்கத் துடித்த மனிதர் வெள்ளனே எழுந்துபோய் வரப்பில் நின்றார். "இன்னைக்கும் ஒன்னையுங் காணமேத்தா" என்று என்னிடம் அங்கலாய்த்தார்.

நேற்று ஒன்று கன்றோடு வந்தது. அண்ணன் என்னைக் கை காட்டி அழைத்தார். நான் மாட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டிய முகம் மதினி அது. உங்களுக்காக நான் பார்த்து வைத்திருக்கிறேன்.