பாதி உருண்டை

அன்புள்ள அண்ணாச்சி,

இன்று காலை மழை பெய்தது. கொல்லைப்புறத்துப் புற்று நனைந்து, அதன் வாசனை அடுக்களை வரை வந்தது. மூக்குக்கு எட்டிய மாத்திரத்தில் எனக்கு நாக்கு கசந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அது வெறும் மண்வாசனை, நமக்கு மட்டும்தான் மருந்து. நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. இதைச் சொல்லிச் சிரிக்க வேறு ஆள் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் அந்த வைத்தியரின் வீட்டுக்குப் போனபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. பனவடலிசத்திரத்தில் கொஞ்சம் கரிசல் நிலம், ஒரு ஜோடி மாடு, இடுப்பு வலிக்கென்று தொடங்கிய அபின். வலி போய்விட்டது, அபின் போகவில்லை. ஒரு பகல் நான் வேப்பமரத்தடியில் சொக்கிக் கிடக்க, மூன்று வயது மகள் கிணற்று மேட்டில் ஏறி நின்றிருக்கிறாள். என் மனைவி ஓடிப்போய்த் தூக்கினாள். அன்றே பிள்ளையோடு குருவிகுளத்துக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். “அந்த டப்பா இருக்குத வீட்டுல எம்பிள்ள இருக்காது” என்பதுதான் அவள் சொன்னது. அவளைத் திரும்பக் கூப்பிட எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

வைத்தியர் வீட்டில் நாற்பத்தெட்டு நாள் தங்க வேண்டும், ஒரு மண்டலம். ஊர் எல்லையைத் தாண்டினால் மண்டலம் முறிந்தது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். காலையில் அம்மன் சன்னதிக்குப் போய் நெற்றியில் புற்றுமண் இட்டுக்கொண்டு திரும்புவோம். அப்புறம் எண்ணெய்க் குளியல், கஞ்சி, படுக்கை. நீங்கள் எனக்கு ஆறு நாள் முன்னால் வந்தவர், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. இருமலுக்கு அபின் சாப்பிடத் தொடங்கி, இருபது வருஷம் இருமாமலே சாப்பிட்டதாகச் சொன்னீர்கள்.

தன் மருந்தைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். உங்கள் டப்பா என்னிடம், என் டப்பா உங்களிடம். காலையும் மாலையும் ஒருவர் கையில் மற்றவர் மிளகளவு அபின் உருண்டை ஒன்றை வைக்க வேண்டும். ஒரு நாள் வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அண்ணாச்சி உருண்டையில நாளுக்கு நாள் அபினைக் குறைச்சு, கோவில் புத்துமண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தேன். இனி மண்ணு மட்டுந்தான். அவருக்குத் தெரிஞ்சா ஒடம்பு கேக்காது. ஒமக்குக் கடைசி வாரந்தான் குறைப்பேன்” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த மத்தியானங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவு வருகின்றன. கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு, கண்ட கனவுகளைச் சொல்லிக்கொள்வோம். என் மாடுகள் கரிசலுக்கு மேலே, கால் தரையில் படாமல் நடந்து போகும். வண்டி பின்னால் சத்தமில்லாமல் மிதந்து வரும். உங்கள் கனவில் எலுமிச்சம்பழங்கள் மூட்டை அவிழ்ந்து தெருவெல்லாம் உருண்டு, மேற்கே மலைமேல் ஏறிப் போய்விடும். “ஒரு பழங்கூட அழுகல வே” என்பீர்கள். சன்னல் வெயில் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறுவதற்குள் தூங்கி, விழித்து, மறுபடி தூங்கியிருப்போம். நீங்கள் சொன்னதா, நான் கண்டதா என்று இப்போதும் சில கனவுகளைப் பிரிக்க முடியவில்லை.

ஆனால் விழித்திருக்கும்போது நீங்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே இருப்பீர்கள். எனக்கும் கொட்டாவி வந்தது, அதை உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பாவம், மனிதர் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கிறாரே என்று மனசு கேட்கவில்லை. என் உருண்டையில் பாதியைக் கிள்ளி ஒளித்து, உங்களுக்கான உருண்டையில் பாதியை எடுத்துவிட்டு என் பாதியை அப்பிக் கொடுத்தேன். உங்களைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

உங்கள் நாற்பத்தாறாம் நாள் மத்தியானம், அந்தத் திருட்டு வேலைக்கு உள்ளறைக்குப் போனேன். அங்கே நீங்கள் சுவரைப் பார்க்க உட்கார்ந்து, என் டப்பாவை மடியில் வைத்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“என்ன அண்ணாச்சி செய்தீய?”

திரும்பினீர்கள். என் கையில் உங்கள் டப்பா திறந்திருந்தது. “நீரு என்ன வே செய்தீரு?”

“ஒங்களுக்கு வெறும் மண்ணுதான் தாராரு. பாக்கப் பொறுக்கல. அதான் என்னுதுல பாதி…”

“ஒமக்குத்தான் வே மண்ணு. வைத்தியர் எங்கிட்டச் சொல்லிட்டாரு. அஞ்சு நாளா என்னுதுல பாதிய ஒமக்கு வச்சிக்கிட்டு இருக்கேன்.”

ஆக, இரண்டு டப்பாவிலும் மண்தான் என்று இருவருக்கும் விளங்கியது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். “அப்ப அந்தக் கனவெல்லாம்?” என்று கேட்டேன்.

“அது நம்ம சொந்தச் சரக்கு வே.”

உங்கள் சிரிப்பு அடங்கும் முன்பே எனக்குக் கால் குடைய ஆரம்பித்தது. அதுவரை தாங்கிய உடம்பு, மண் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆத்திரம் வேறு. மனைவி, பிள்ளை எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டார்கள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பஸ்ஸுக்குப் போனேன். புளியங்குடியில் நீங்கள் அபின் வாங்கும் ஆள் எங்கே இருப்பான் என்பதை நீங்களே கதையோடு கதையாகச் சொல்லியிருந்தீர்கள்.

பஸ் கிளம்பும்போது நீங்கள் ஏறினீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஊர் எல்லை போனது. “ஒங்களுக்கு இன்னும் ரெண்டு நாள்தானே அண்ணாச்சி, எறங்குங்க” என்றேன். நீங்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

எலுமிச்சைச் சந்தையில் உங்களை எல்லாருக்கும் தெரியும். “அண்ணாச்சி, வைத்தியம் முடிஞ்சுதா?” என்று ஒருவர் கேட்டார். “இல்ல, தம்பிக்கு ஒரு சோலி” என்றீர்கள். உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு காலி மூட்டையின்மேல் உட்கார்ந்தீர்கள்.

“அவன் அங்கன, அந்தச் சந்துக்குள்ள இருப்பான். போறதுன்னா போரும். வாங்கினா எனக்கும் சேத்து வாங்கிட்டு வாரும்.”

“ஒங்களுக்கா?”

“எம்மருந்து ஒம்ம கையிலதான வே இருக்கு.”

சந்தின் வாசல் வரை போனேன். உங்கள் வாயில் அதை என் கையால் போடுவதை நினைத்துப் பார்த்தேன். என்னைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை, அண்ணாச்சி. உங்களை முழுசாகக் கெடுக்கக் கால் வரவில்லை. திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். வைத்தியர் வாசலிலேயே நிறுத்தி, “ரெண்டு பேருக்கும் இன்னைக்கு ஒண்ணு” என்றார். நீங்கள் “சரி” என்று சொல்லிக் கால் கழுவப் போனீர்கள்.

அந்த இரண்டாம் மண்டலம் முடிந்த அன்று என் மனைவி பிள்ளையோடு வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்டாள். “அண்ணாச்சி, இவுகள நம்பலாமா?”

“என்னய நம்புனா நம்பு, தாயி.”

அவள் வந்தாள். இந்த வருஷங்களில் எத்தனையோ முறை இடுப்பு வலித்திருக்கிறது, எத்தனையோ பேர் தாராளமாக நீட்டியிருக்கிறார்கள். எனக்கு மட்டுமென்றால் கை நீட்டியிருப்பேன். உங்களுக்கும் சேர்த்து வாங்க வேண்டுமே என்று நினைப்பு வரும், கை நின்றுவிடும். நீங்கள் போன பிறகும் அப்படித்தான் நிற்கிறது.

நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகன் எழுதிய கார்டை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பில் உலை வைக்கப் போனவள் அப்படியே எழுந்து, புறவாசல் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையோடு ஊற்றிக்கொண்டாள். பங்காளி வீட்டுச் சாவுக்குத்தான் எங்களில் அப்படி முழுகுவார்கள். “அவுக வேற சாதி, வேற ஊரு. நமக்கு ஏது தீட்டு?” என்றேன்.

“ஒங்க கூடப் பொறந்தவருக்கு முழுகாம அடுப்பு பத்த வைக்கச் சொல்லுதியளா?” என்று கேட்டாள்.

அவள் கையிலிருந்த செம்பை வாங்கி நானும் தலையில் ஊற்றிக்கொண்டேன், அண்ணாச்சி.