வெள்ளைக் கையுறைப் பாடகிக்கு

இன்று காலை முதியோர் இல்லத்தில் உடுப்பு மாற்றும் அறைக்குள் போனபோது, கிருமி போகக் கைக்குப் பூசும் ஸ்பிரிட் போத்தல் ஒன்று மூடி கழன்று நிலத்தில் கிடந்தது. அறை முழுக்க அந்த மணம். நான் சுவரோர வாங்கில் அமர்ந்துவிட்டேன். நீ என்றால் உள்ளேயே வந்திருக்க மாட்டாய். நாங்கள் எல்லோரும் அதைப் பூசிக்கொண்டுதான் முதியவர்களின் அறைகளுக்குள் போவோம். நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வருவாய். பனிக்காலத்தில் உன் கைத்தோல் வெடித்து இரத்தம் கசியும். அப்போதும் ஸ்பிரிட்டைத் தொடமாட்டாய்.

நீ ஜப்பான்காரி, நான் யாழ்ப்பாணத்தாள். எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஒஸ்லோவில் வந்து பழகிய அரைகுறை நோர்வேஜிய மொழிதான். ஆனாலும் நீ சொன்னதெல்லாம் என் மனதில் என்னுடைய ஊர்ப்பேச்சாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதே.

இடது காதின் கீழே தொடங்கிச் சட்டைக் கழுத்துக்குள் இறங்கும் தழும்பையும், மடங்காத இரண்டு விரல்களையும் முதல் நாளே கண்டேன். கேட்கவில்லை. தழும்பைக் கண்டால் கேள்வி கேட்காத சனத்துக்குள் வளர்ந்தவள் நான். பிறகு ஒருநாள், நினைவு தப்பிய ஒரு கிழவர் கட்டிலில் கிடந்தபடி உன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். நீ கத்தவில்லை. சிரித்தாய். பல் தெரிய, கண் சுருங்க, அசையாமல் சிரித்துக்கொண்டே நின்றாய். நெற்றியில் வியர்வை ஓடியது. நான்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். வெளியே வந்ததும் சுவரில் குத்தினாய். முட்டியில் தோல் உரியும் வரைக்கும் திரும்பத் திரும்பக் குத்தினாய்.

"பதினைஞ்சு வயசிலை எனக்கு அந்தச் சிரிப்பைப் பழக்கினவை," என்றாய். "இன்னும் போகுதில்லை."

அன்றைக்குத்தான் தெரிந்தது, ஜப்பானில் நீ ஓர் ஐடல் என்று. பாட்டும் ஆட்டமுமாக மேடையேறும் பெண் பிள்ளைகளின் குழுவில் ஒருத்தி. பாடுவது பாதித் தொழில்தான். பார்க்க வருகிற ஒவ்வொருவனும் நீ தனக்காகவே இருக்கிறாய் என்று நம்ப வேண்டும், அது மீதி. தாளம் பிழைத்தவளுக்குக் காலுறை மறைக்கும் இடம் பார்த்துப் பிரம்படி. நிறை கூடியவளுக்குச் சாப்பாடு இல்லை. காதல் கூடவே கூடாது. இசைத்தட்டு வாங்கியவர்கள் வரிசையில் வந்து உன் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசலாம். உன்னுடைய வரிசைதான் எல்லாவற்றிலும் நீளம். ரயில் நிலையங்களில் உன் படம் தொங்கியது.

"எனக்கு அது பிடிச்சும் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேணும்," என்றாய். "மண்டபம் நிறையச் சனம் என்ரை பேரைச் சொல்லிக் கத்தேக்கை, வாங்கின அடியெல்லாம் மறந்துபோம்."

பிறகு, நீ ஒரு பெடியனோடு தேநீர்க் கடையில் இருந்த படம் வெளியில் வந்தது. கம்பனி உன்னைக் கமெராவுக்கு முன்னால் நிறுத்தி, குனிந்து மன்னிப்புக் கேட்க வைத்தது. நீ அழுதாய். அழுதது நன்றாக வந்திருக்கிறது என்றார்களாம். அடுத்த முறை கை கொடுக்க நீ மேசைக்குப் பின்னால் நின்றபோது, எப்போதும் வருகிற ஒருவன் வரிசையில் வந்தான். வாசலில் எல்லாருக்கும் போல அவன் கைக்கும் ஸ்பிரிட் தெளித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

"அவன்ரை கை ஈரமாய், குளிராய் இருந்தது. உன்னை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னவன். நான் நன்றி எண்டனான். அதுக்குப் பிறகுதான் குத்தினவன்."

ஒரு கையால் உன்னைப் பிடித்தபடி மற்றக் கையில் இருந்த கத்தியால் குத்தினான். கழுத்தில், தோளில், தடுக்கப்போன விரல்களில். காவலர்கள் அவனை நிலத்தில் விழுத்திய பிறகும் பிடித்த கையை அவன் விடவில்லை. நீயும் அவனோடு விழுந்தாய். வரிசையில் நின்றவர்கள் சிலர் அதைப் படமெடுத்தார்கள்.

காயம் முழுதாக ஆற முன்னரே உன்னை மறுபடி மேடையேற்றினார்கள். விரல்களை மறைக்க வெள்ளைக் கையுறை. அது எல்லாருக்கும் பிடித்துப்போக, அதேமாதிரிக் கையுறைகளை மண்டப வாசலில் விற்றார்கள். உன் புகழின் உச்சம் அதுதான். இருட்டுக்குள் வெள்ளைக் கைகள் அலையலையாக ஆட, அவற்றில் எதில் கத்தி இருக்கிறது என்று தேடிக்கொண்டே பாடியிருக்கிறாய். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கூட ஆடியவள் பின்னாலிருந்து உன் தோளைத் தொட்டாள். அங்கே தொட வேண்டும், அதுதான் ஆட்டம். நீ திரும்பி அவளுடைய மூக்கை உடைத்தாய். அத்தோடு முடிந்தது. அங்கே விலக்குவதைப் பட்டமளிப்பு என்று சொல்வார்களாம். பூச்செண்டு கொடுத்து, கடைசியாக ஒரு பாட்டும் பாட வைத்து அனுப்பினார்கள். உன்னை ஒருவருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்று இங்கே வந்தாய்.

நீ உன் கதையைச் சொன்ன பிறகும் நான் என்னுடையதைச் சொல்லவில்லை. என் மேற்கையில் நீலம் பாரித்திருந்ததை நீயாகத்தான் கண்டாய்.

"கதவு அடிச்சுப்போட்டுது," என்றேன்.

"கதவுக்கு அஞ்சு விரலோ?" என்றாய்.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் வந்தாய். நான் வேலைக்கு வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. உனக்கு அது போதுமாக இருந்தது. அவர்தான் கதவைத் திறந்தார். என்னைக் கட்டிய மனிசனை இப்போதும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. நான் குசினி நிலத்தில் உதடு கிழிந்து, எழும்ப முடியாமல் கிடந்தேன்.

"அவவுக்குச் சுகமில்லை. நீர் போயிட்டு வாரும்," என்று அவர் சொல்வது கேட்டது.

நீ சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டி உள்ளே வந்தாய். அதே சிரிப்பு. அவர் உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். அப்போது அந்தச் சிரிப்பு நின்றதை நான் கண்டேன். அடுப்பில் இருந்த தோசைக்கல்லை எடுத்து அவர் முகத்தில் அடித்தாய். அவர் உன்னை விழுத்தி மிதித்தார். உன் காறையெலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. நீ அவருடைய காலைக் கடித்தாய். இரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாய். ஒரு மண்டபத்தையே நிறைத்த குரல் அல்லவா. மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. அந்த இடைவெளியில் நான் தவழ்ந்துபோய்த் தொலைபேசியை எடுத்தேன். பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது.

அவசர சிகிச்சை நிலையத்தில் தாதி உன் முகத்தைத் துடைக்க ஸ்பிரிட் எடுத்தபோது, "தண்ணியாலை துடையுங்கோ" என்று நான் தடுத்தேன். உன் பல்லெல்லாம் இரத்தம்.

"அவருக்குச் சரியாய் நொந்திருக்குமோ?" என்று உன்னிடம் கேட்டேன்.

"நோகத்தானே அடிச்சனான்," என்றாய்.

வடக்கே ஹம்மர்பெஸ்டிலிருந்து அவருடைய பெரியம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, இதைப் பொலிஸ் வரைக்கும் கொண்டுபோகலாமே? சனம் என்ன கதைக்கும்?" நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். நீதிமன்றத்தில் அவருடைய சட்டத்தரணி, நீ முன்பொருமுறை உன்னோடு ஆடியவளின் மூக்கை உடைத்ததைத் தேடி எடுத்து வந்திருந்தார். வன்முறை உனக்குப் பழக்கம்தானே என்று கேட்டார்.

"ஓம், உடைச்சனான். அவளிட்டை மன்னிப்பும் கேட்டனான்," என்றாய். "இந்த ஆளிட்டைக் கேக்கமாட்டன்."

அவர் சிறைக்குப் போனார். நான் ஒஸ்லோவிலேயே மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வருவாய். மீன்குழம்பு உறைக்கிறது என்று திட்டித் திட்டிச் சாப்பிடுவாய். அந்தக் காலம் நீளவில்லை. வயிற்றுக்குள் நோகிறது என்றாய். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கத்தியாலும் காலாலும் முடியாததை அது ஒரு கோடை முடிவதற்குள் செய்தது.

கடைசியாக நீ தெளிவாகப் பேசிய நாளில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அவனை எப்பவோ ஜெயிலாலை விட்டிட்டினம்," என்றாய். உன்னைக் குத்தியவனைத்தான் சொன்னாய். "அவனை வெறுத்து வெறுத்து எனக்குக் களைச்சுப்போச்சு. ஆனால் நான் செத்தால் அவனை வெறுக்க ஒருத்தரும் இல்லை. அந்த வெறுப்பை நீ வைச்சிரு."

"ஓம்," என்றேன்.

சிறையிலிருந்து வந்துவிட்ட என் மனிசனைப் போன மாதம் ரயிலில் கண்டேன். நரைத்துப்போய், கையில் ஒரு கடைப் பையோடு நின்றார். பயத்தில் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன், ஆனாலும் பாவமாக இருந்தது. அவரை முழுசாக வெறுக்க எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் உன்னைக் குத்தியவனை வெறுக்கிறேன். அவன் முகம் எனக்குத் தெரியாது, பெயரை நீ சொன்னதில்லை. வேலை முடிந்து நடக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், மாதா கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் அவனை வெறுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், என் பாவங்களில் மற்றதையெல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் சுவாமியாரிடம் சொல்வதில்லை. சொன்னால் விட்டுவிடச் சொல்லுவார். என்னுடையதாக இருந்தால் விட்டிருப்பேன்.