சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன்

ஒரத்தநாடு
9.2.2026, திங்கட்கிழமை

அன்பு மகள் வானதிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, தாத்தா, நான் மூவரும் சுகம், மாடும் கன்றும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எப்போதும்போல ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தேன், இந்தத் தடவை பேனா நகரவில்லை. உன் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய். பக்கத்தில் ஹாஸ்டல் வார்டன் நிற்பார், பின்னால் மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், நானும் சரி கண்ணு, சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் இந்தக் காகிதம். தனியாக உட்கார்ந்து படி, கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இங்கே சம்பா அறுத்தாகிவிட்டது. மிஷின் வந்து ஒரே பகலில் இரண்டு வயலையும் வழித்துக்கொண்டு போனது. நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறது, ஈரம் அதிகமாக இருக்கிறது, காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பரப்பினால் மேகம் வருகிறது, மூடினால் வெயில் வருகிறது. அப்பா கயிற்றுக் கட்டிலை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு படுதாவை இழுப்பதும் விலக்குவதுமாக இருக்கிறார், சாப்பாடு கொண்டுபோனால் தட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். நீ முறைச்சா மழை பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிடுமாடா என்று தாத்தா கேலி செய்கிறார். நானும் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு மூன்று தடவை எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். நெல்லுக்காக இல்லை. உட்கார முடியவில்லை.

தெரு முனையில் உனக்காகக் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டு காற்றில் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. பொங்கலுக்கு வந்தபோது அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாயே, அம்மா இது யாரோட உடம்பும்மா என்று. நீ ஜிம்னாஸ்டிக்ஸ் உடுப்பில் பீம் மேல் நிற்கிற படத்தைத்தான் நான் கொடுத்தேன். அந்த உடுப்போட பொம்பளப் பிள்ளையத் தெருவுல தொங்க விடறதா என்று செல்லதுரை சித்தப்பா சொல்லி, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யாரோ ஒரு பெண்ணின் பள்ளிக்கூட யூனிபார்மில் உன் தலையை ஒட்டிவிட்டார். மாநில அளவில் மூன்றாம் இடம் பெற்ற எங்கள் வீட்டு வேங்கை என்று எழுத்து வேறு. கீரை விற்கிறவர்கூட பாப்பா எப்ப டிவியில வரும் என்று என்னிடம் கேட்கிறார். அடுத்த மாதம் செலக்‌ஷன் என்று நானும் பெருமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வலியை மறைத்ததில் அந்த போர்டுக்கும் என் பெருமைக்கும் பங்கு உண்டோ என்று இப்போது தோன்றுகிறது.

பொங்கலன்றைக்கே நான் கவனித்துவிட்டேன். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை மடக்கி ஊன்றி எழுந்தாய். வாசலில் கோலம் போட உட்கார்ந்து பாதியில் நீ முடிம்மா என்று மாவுக் கிண்ணத்தை என்னிடம் தள்ளினாய். நிலைக்காலில் வருஷா வருஷம் உன் உயரத்தைக் கோடு போடுகிற அப்பா, இந்த வருஷம் நாலு விரல் வளர்ந்துட்டா என்று சந்தோஷமாகச் சொன்னபோது உன் முகம் செத்துப்போனது. அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கேட்டேன், அப்போதுதான் சொன்னாய். ஓடிவந்து வால்ட்டில் கையை ஊன்றும்போது சுருக்கென்று குத்துகிறது என்றும், ராத்திரி விண்விண் என்று தெறிக்கிறது என்றும், இந்த வருஷத்தை விட்டால் உயரம் வந்துவிடும், உயரம் வந்துவிட்டால் பாரில் தொங்கிச் செய்கிற எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாய். எக்ஸ்ரே எடுத்தால் சீட்டு வரும், சீட்டு வந்தால் கோச் மேடம் பார்ப்பார்கள், மேடம் பார்த்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் தையற்கடைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நாம் இரண்டு பேரும் பேராவூரணிக்கு பஸ் ஏறினோம், சுளுக்கு எடுக்கிற ஞானாம்பாளிடம்.

அந்த அம்மாள் மேல் எனக்குக் குறையில்லை, நாம் சொன்னதை நம்பித்தான் அவர் எண்ணெய் போட்டு நீவினார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னது நான். விரல்களைப் பிடித்து அவர் ஒரு இழுப்பு இழுத்தபோது நீ தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், கண் மட்டும் கலங்கியது, சத்தம் வரவில்லை. பாப்பா கெட்டிக்காரி, அழவே இல்லை பாரு என்று அவர் மெச்சினார். அதைக் கேட்டு நீ லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, வானதி. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லும்மா என்றாய், சொல்ல மாட்டேன் என்றேன். ரயில் ஏற்றி அனுப்பிய மறுநாள் போனில் வலியே இல்லை என்றாய், நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் உன்னோடு பயிற்சி செய்கிற தஹ்மீனாவின் அம்மா ஒரு வீடியோ அனுப்பினார், அவர் மகள் ஃப்ளோரில் செய்ததை எனக்குக் காட்டுவதற்காக. அதில் பின்னால் ஓரத்தில் நீ வால்ட் முடித்து இறங்குகிறாய். காலை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல் நிற்கிறாய், இரண்டு கையையும் தூக்கிச் சிரிக்கிறாய், பிறகு திரும்பி நடக்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வலது கையை அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொள்கிறாய். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டு அனீஸா, கால்நடைக் கல்லூரியில் டாக்டராக இருக்கிறாரே, கன்றுக்கு ஊசி போட வந்தவரிடம் அதைக் காட்டினேன். நான் மாட்டு டாக்டர், அனு, உன் பொண்ணுக்கு நான் வைத்தியம் சொன்னா என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க என்று முதலில் சிரித்தார். அப்புறம் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார், சிரிக்கவில்லை. பல் முளைத்து முடியாத இளங்கன்றை வண்டியில் பூட்டிப் பழக்கிவிட்டு, நொண்டுகிறது என்று கூட்டிவருவார்களாம். எலும்பு நுனியில் வளருகிற இடம் ஒன்று இருக்கிறது, அது குருத்து மாதிரி, இன்னும் முற்றியிருக்காது, அதிலேயே திரும்பத் திரும்ப இடி விழுந்தால் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, எண்ணெய் போட்டு நீவினீங்களா என்று கேட்டார். நான் குனிந்து கன்றின் கயிற்றைச் சரிசெய்தேன். நீவியிருக்கீங்க என்றார்.

மறுநாள் நான் மட்டும் தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பேஷண்ட் எங்கம்மா என்று சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள், சென்னையில என்றேன், அப்ப கையைக் கொரியர்ல அனுப்பச் சொல்லுங்க என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இந்த வயதில், இந்த விளையாட்டில், இத்தனை வாரமாக வலி என்றால் விடக்கூடாது என்றார். வளருகிற இடத்தில்தான் அடி என்றால் கையை ஊன்றாமல் சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடுமாம், ஓய்வு கொடுக்காவிட்டால் அந்த எலும்பு வளர்வதையே நிறுத்திவிடக்கூடுமாம். வளர்ந்துவிடுவோமோ என்று பயந்தவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

நேற்று சாப்பாடு கொண்டுபோனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையற்கடைக்குன்னு சொல்லிட்டா போனீங்க ரெண்டு பேரும் என்றுதான் முதலில் கேட்டார், அதற்கு மேல் கோபித்துக்கொள்ள அவருக்கு வரவில்லை. உடனே போன் போடு என்றார். நான் வேண்டாம் என்றேன். அவளுக்குக் கொடுத்த வார்த்தை, அவள் வாயாலேயே மேடத்திடம் சொல்லட்டும், கடிதம் எழுதி வியாழக்கிழமை சாயங்காலம் வரை நேரம் கொடுக்கிறேன், அதற்குள் அவள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். அப்பா படுதாவின் ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டே, வியாழக்கிழமைக்குள்ள அவ எத்தனை தடவை குதிப்பா அனு என்று கேட்டார்.

அதைக் கேட்டும் நான் என் முடிவிலேயே இருந்தேன். உனக்கும் அப்படியே எழுதத்தான் உட்கார்ந்தேன். நீயே போய் மேடத்திடம் சொல்லிவிடு வானதி. உன்னைச் சேர்த்த அன்று மேடம் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, வலிக்குதுன்னு பிள்ளைங்க எங்ககிட்ட சொல்லாதுங்க, உங்ககிட்டத்தான் சொல்லும், நீங்க மறைக்காதீங்க என்றார். எல்லா அம்மாக்களோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். நீ பிறந்ததிலிருந்து நம் விஷயம் வெளியே போக வேண்டாம் என்று நான் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. சென்னைக்குப் போகுமுன் தஞ்சாவூரில் நீ பிராக்டிஸ் செய்த நேரமெல்லாம் மற்ற அம்மாக்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, நான் லைப்ரரிப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தனியாகத்தான் இருப்பேன். என் புடவையைப் போல என் குணமும் உனக்குப் பொருந்திவிட்டது. ஆனால் இந்த விஷயத்துக்கு அது உதவாது.

இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

மணி நாலு ஆகப்போகிறது, நாலுக்கு உங்களுக்கு வால்ட் என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன், தாத்தா ஏம்மா வீட்டை அளக்குறியா என்றார். அப்பா கேட்ட கேள்வி போகவே இல்லை. கடிதம் உன் கைக்கு வருகிற வரைக்கும், நீ படித்து, அழுது, மனசைத் தேற்றிக்கொள்கிற வரைக்கும், அந்தக் கை ஓடிவந்து ஊன்றிக்கொண்டேதான் இருக்கும். உன் வாயால் நீயே சொல்ல வேண்டும் என்பது உன் மரியாதைக்காகத்தான், ஆனால் அந்த மரியாதையை அந்தக் கை தாங்குமா என்று தெரியவில்லை. மேடத்துக்குப் போன் செய்துவிட்டேன், வானதி.

நான் சொன்னதையெல்லாம் மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். எத்தனை நாளா என்றார், பொங்கலுக்கு முன்னாலிருந்தே என்றேன். தினமும் கையில சுத்த டேப் கேட்டு வாங்கிட்டுப் போவா, நான் பழக்கம்னு நினைச்சேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செலக்‌ஷன் என்று நான் ஆரம்பித்தேன், அதை இப்பக் கேக்காதீங்கம்மா என்றார். பிறகு, இப்ப வார்ம்-அப்ல இருக்கா, நான் போய் நிறுத்துறேன் என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “நீங்க சொன்னதா சொல்லவா, நானே பார்த்துக் கண்டுபிடிச்சதா சொல்லவா? உங்களுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க.”

நல்ல மனுஷி. அவர் கேட்டதும் ஒரு நொடி எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நீ அவர் மேல் கோபப்பட்டிருப்பாய், நான் உன்னைத் தேற்றியிருப்பேன், நமக்குள் எதுவும் கெட்டிருக்காது. “நான் சொன்னேன்னே சொல்லுங்க மேடம்” என்றேன்.

மேலே எழுதிய வியாழக்கிழமையை அடிக்கவில்லை, அப்படி நினைத்ததும் உனக்குத் தெரியட்டும். இப்போது நீ ஃப்ளோருக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டிருப்பாய், என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை, உன் இடம் உனக்காகக் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. விளையாட்டை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இனி இப்படி ஒன்றை மறைக்கச் சொல்லி என்னிடம் கேட்காதே, கேட்டால் மாட்டேன் என்பேன்.

நாளை ராத்திரி ரயிலுக்குக் கிளம்புகிறேன். அப்பா நெல்லை விட்டு வர முடியாது, வருகிறேன் என்றுதான் நின்றார், நான்தான் வேண்டாம் என்றேன். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், இதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படி, நான் ஹாஸ்டல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் பத்து மணிக்கு எக்ஸ்ரேக்குப் போக வேண்டும், முகம் கழுவி, சாப்பிட்டுத் தயாராக இரு. பஸ்ஸில் வேண்டுமானால் தள்ளி உட்கார்ந்துகொள்.

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், உனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் தாத்தாவும் சொல்லச் சொன்னதும் இதுதான். அதுவரை அந்தக் கையை ஊன்றாதே, வாளி தூக்காதே, நீவுகிறேன் என்று யார் வந்தாலும் தொட விடாதே.

உன் கோபத்துக்கும் சேர்த்து உனக்கே உரிய
அம்மா
அனுசுயா