ஒரு கோடை முழுக்க ஒரே அறையில்

1988 மார்ச், செவ்வாய். ஈஸ்ட் ஹாம், லண்டன்.

இன்று மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுகந்தி சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவைப் பிரிட்டன் ஆண்டதாம் என்றாள். "விசர்க் கதை! வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் ஆளுவானோ?" என்றேன், பெரிய படிப்பாளி மாதிரி.

"ஐயோ அப்பா, உங்களைப் பள்ளிக்கூடத்தில ஆர் பாஸாக்கினது?"

"ஒருத்தரும் ஆக்கேல்லை, பிள்ளை."

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். பதின்மூன்று குடியேற்றங்கள் சேர்ந்து சண்டை பிடித்து வென்றனவாம். வென்ற பிறகு ஒன்றையொன்று நம்பாமல் இழுபட்டனவாம். கடைசியில் அவற்றின் ஆட்கள் ஒரு கோடை முழுக்க ஒரே அறையில் இருந்து, வாய்ச்சண்டை பிடித்தே அரசாங்கம் அமைத்தார்களாம்.

"ஒருத்தரையும் சுடேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன் சுடவேணும்? எல்லாரும் ஒரே பக்கம்தானே? இயக்கத்தில இருந்த சித்தப்பாவை இலங்கை ஆமி சுடாமல் விட்டிருந்தா, அவரும் ஒருநாள் அப்பிடி ஒரு அறையில இருந்திருப்பார், என்னப்பா?"

"ஓம்," என்றேன்.

அவள் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இனி அங்கே யார் வென்றாலும், அறையில் வந்து இருக்க யார் மிஞ்சப்போகிறார்கள்? அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் தம்பியைச் சுட்டது ஆமி இல்லை. பேசித் தீர்க்கலாம் வா என்று கூட்டிப்போன, இன்னொரு இயக்கத்து எங்கள் தமிழ்ப் பெடியன்கள்தான்.