வாசல் ஒன்றுதான்

அக்டோபர் 16, புதன்

புருஷனைப் பறிகொடுத்து, அவன் அஸ்திக் கலயத்தோடு வந்த ஒருத்தியை என் மகன் ஹரிஹரசுதன் மழையில் நிறுத்திக் கதவைப் பூட்டினான். பெங்களூரில் உட்கார்ந்தபடியே பூட்டினான். நடந்தது நேற்று. பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில். கீழ்க்கட்டு நான் கட்டியது. காந்தி மார்க்கெட்டில் தக்காளிக் கூடை சுமந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டுக் கட்டியது. மாடி அவன் கட்டியது. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். மாடியை நாள் வாடகைக்கு விடுகிறோம். வாசல் கதவில் நம்பர் பூட்டும் அதற்கு மேல் கேமராவும் வைத்தவன் அவன். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நம்பரைப் போனில் போட்டுக் கொடுப்பது நான். அவர்கள் காலி செய்கிற நாளோடு அந்த நம்பர் வேலை செய்யாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பொட்டலம் மடித்த பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவளுக்கு இது பெரிய வித்தையா? அமுக்கி அமுக்கிப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

வாசல் வேப்பமரத்தில் ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியூர்க்காரர்கள் ராத்திரி அதில் கலயத்தைத் தொங்கவிட்டு மாடியில் படுப்பார்கள். விடிந்ததும் காவிரியில் கரைத்துவிட்டுப் போவார்கள். இப்படி வருகிறவர்களைக் கண்டால் லாட்ஜில் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன்.

நேற்று நான் வையம்பட்டியில், தம்பி பேத்தியின் காதுகுத்தில் இருந்தேன். விஜயராணி போன் செய்தாள். மாடிக்கு நம்பர் வாங்கியிருந்த ஓசூர்க்காரி.

"அம்மா, நம்பர் போட்டா செவப்பு லைட்டு எரியுதுங்க. மழை வேற புடிச்சுக்கிச்சு."

வேறு நம்பர் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் சிவப்பு. இன்னொன்று. அதற்கும். நான் போடப் போட யாரோ அழிக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

ஹரியைக் கூப்பிட்டேன்.

"கேமராவுல பாத்தேம்மா. வாசப்படியில கலயத்தோட உக்காந்திருக்காங்க. பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். வேற எடம் பாக்கச் சொல்லு."

"மழைடா."

"குடும்பம் தங்குற எடம்மா இது."

"அப்ப அவங்க யாரு, சர்க்கஸ் கம்பெனியா?"

வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் என் போனிலேயே வந்தது: உங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு! என் வீட்டுக்கு!

அந்தப் பூட்டுக்கு இரும்புச் சாவியும் ஒன்று உண்டு. அது என் சுருக்குப்பையில் இருந்தது. பாதி இலையில் எழுந்து பஸ் பிடித்தேன். மணப்பாறையில் மாறி, ஜங்ஷனில் மாறி வந்து சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. கொக்கி காலி. படிக்கட்டில் ஒரு பொட்டு இடம் மட்டும் நனையாமல் இருந்தது.

அக்டோபர் 17

ஹரி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். அடிக்கட்டும்.

அக்டோபர் 19, சனி

விஜயராணி இன்றுதான் போனை எடுத்தாள். அன்றைக்கு எங்கே தங்கினாய் என்று கேட்டேன்.

"மண்டபத்துப் படிக்கட்டுலதாங்க. நெறைய பேரு படுத்திருந்தாங்க, பயமில்ல." பிறகு சொன்னாள்: "முன்னமே தெரிஞ்சிருந்தா பைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்திருப்பேங்க. கொக்கி இருக்கு, தைரியமா வான்னு நீங்க சொன்னதாலதான்…"

நான் சொன்னதால்தான்.

மரத்தில் மாட்டினால் கலயத்துக்குள் தண்ணீர் இறங்கும் என்று அவள் மகள் அனிஷா மடியில் வைத்துக்கொண்டாளாம். ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது முதல் கரைத்தது வரை எல்லாம் அந்தக் குழந்தைதான் செய்திருக்கிறது. நாலாவது படிக்கிறாள். இப்போது காய்ச்சலில் கிடக்கிறாள்.

மன்னித்துவிடம்மா என்றேன். "நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க, பாவம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. என் வாசலில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஓசூர் வரைக்கும் தெரிந்துவிட்டதே.

அக்டோபர் 21

பூட்டிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிவிட்டேன். இனி இரும்புச் சாவிதான். கேமராவுக்கு மஞ்சப்பையை மாட்டிவிட்டேன். பெங்களூர்க்காரன் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

அக்டோபர் 24

புத்தூரிலிருந்து மகள் மணிமேகலை வந்தாள். தூது.

"தீபாவளிக்கு ரூம் கேட்டவங்களையெல்லாம் அண்ணன் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கு. பேட்டரிய எங்கம்மா வச்சிருக்க?"

"அரிசியில."

"எந்த டப்பாவுல?"

"ஒனக்கு எதுக்கு? நீ சோறா ஆக்கப் போற?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று. பிறகு அவள் முகம் மாறியது. "தெனம் காலையில நீ கோலம் போடுறதைக் கேமராவுல பாத்துட்டுத்தான் அண்ணன் ஆபீஸ் கெளம்பும். இப்ப மஞ்சப்பைதான் தெரியுதாம்."

எனக்குத் தெரியாதா? கோலப்பொடி டப்பாவை மூடுவதற்குள் போன் வரும். என்னம்மா இன்னைக்கு லேட்டு, முட்டி வலியா என்பான்.

பையை எடுக்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. ஹரி வந்தான். கதவைத் தட்டினான். கொஞ்ச நேரம் தட்டட்டும் என்று விட்டுவிட்டுத் திறந்தேன்.

பலகாரத் தட்டை வைத்ததுமே கேட்டேன். "அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது மடியில கலயம் இருந்துச்சும்மா. என்னால பாக்க முடியல."

"பாக்க முடியலன்னா கண்ணை மூடணும். கதவையா மூடுவ?"

அப்போதுதான் வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பேசாததைப் பேசினான். அவன் அப்பா அடைக்கலம் ஹூப்ளியில் ரோடு வேலைக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தார். உடம்பைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே எரித்துவிட்டு அஸ்தியோடு பஸ் ஏறினோம். கலயம் ஹரியின் மடியில் இருந்தது.

"பஸ்ஸு குலுங்குறப்பல்லாம் உள்ள எலும்பு சலசலன்னுச்சு. அப்பா கூப்புடுறாருன்னு நெனச்சேன். ஒங்கிட்ட சொன்னேன். பேசாம புடிச்சுக்கடான்னு சொன்ன."

"மகன்தான் தூக்கணும்."

"நாலாவது படிச்சேம்மா."

"இந்த ஊருக்கு வந்து அன்னைக்கு ஒவ்வொரு லாட்ஜா ஏறி எறங்குனமே. ஒருத்தனும் கதவைத் தொறக்கல. அது மறந்துபோச்சா?"

"மறக்கல. மறக்காததாலதான் கலயத்தைக் கண்டா ஆகல."

ஒரே ராத்திரி. அதை நினைத்துத்தான் நான் மரத்தில் கொக்கி அடித்தேன். அதே ராத்திரியை நினைத்து இவன் கதவை அடைக்கிறான். எப்படி?

கைக்குழந்தையாக மணிமேகலை என் தோளில். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? இன்னொரு முறை அப்படி வந்தாலும் அதைத்தான் செய்வேன். அவன் செய்தது தப்பு. இன்றைக்கும் தப்புதான்.

ஆனால் அந்த சலசலப்பு… எனக்கு ஏன் கேட்கவில்லை?

நவம்பர் 1

நேற்று தலையில் எண்ணெய் வைக்க உட்கார்ந்தான். உச்சந்தலையில் முடி கொட்டிப்போயிருக்கிறது. இன்று காலையில் போய்விட்டான். பேட்டரியைக் கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 9

போனில் வந்தது: பூட்டுக்கு இனி நீங்கள் ஒருவரே உரிமையாளர். கேமராவுக்கும் அப்படியே. அவன் பெயர் எதிலும் இல்லை. தன்னைத்தானே எடுத்துவிட்டிருக்கிறான்.

கேட்டது கிடைத்துவிட்டது. மஞ்சப்பையைக் கழற்றினேன்.

நவம்பர் 10

கோலம் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். போன் அடிக்கவில்லை. யாருக்கு அடிக்கும், யார் அடிப்பார்கள்? மூன்று இழை விட்டுப்போயிருந்தது. திருத்தவில்லை.

நவம்பர் 20

விஜயராணி பேசினாள். அனிஷாவுக்குக் காய்ச்சல் விட்டு ஸ்கூலுக்குப் போகிறாளாம். "ஒங்க மகன் போன் பண்ணாருங்க. பாப்பாகிட்டதான் பேசணும்னாரு. நெறைய நேரம் பேசினாரு. என்னடி பேசினாருன்னு கேட்டா, அது எங்க ரெண்டு பேருக்குள்ளங்குறா."

என்னிடம் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

டிசம்பர் 2

பேட்டரி போட்டாயிற்று. இனி ஆக வேண்டியவற்றை, யார் செய்வது என்பதோடு எழுதுகிறேன். மணிமேகலை படித்துக்கொள்ளட்டும்.

கலயத்தோடு வருகிறவர்களுக்கு நம்பர் கொடுக்க வேண்டியது நான். எனக்குப் பிறகு மணிமேகலை. யார் வந்து என்ன சொன்னாலும் இதில் மாற்றம் கிடையாது.

கொக்கிக்கு மேல் தகரம் வைக்க வேண்டும், மழை இறங்காதபடி. ஆள் பிடிப்பது நான். பொங்கலுக்குள்.

விஜயராணி வருஷத் திதிக்கு வரும்போது மாடி அவளுக்கு. வாடகை என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

கேமராவில் ஹரியின் பெயரை மறுபடியும் சேர்த்துவிட்டேன். பூட்டில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். காலையில் பார்ப்பதும் பார்க்காததும் அவன் பாடு. கோலம் போட வேண்டியது நான்.

நான் போன பிறகு: கொள்ளி ஹரி வைக்கட்டும். மறுநாள் கலயத்தைத் தூக்க வேண்டியது மணிமேகலை. பெண்பிள்ளை தூக்கலாமா என்று யாராவது கேட்டால், ஓசூரில் அனிஷா என்று ஒருத்தி இருக்கிறாள், போய்க் கேளுங்கள் என்று சொல்லவும். ஹரி தூக்க வேண்டாம். தொடவும் வேண்டாம். ஆற்றுக்குக்கூட வர வேண்டாம். இரும்புச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் வீட்டிலேயே இருந்து, நனைந்து திரும்புகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும்.